எழுநூற்றுப் பதினேழாம் ஆண்டைத் திருத்திய தலைவிக்கு

மங்கிய மையிலும் மடிந்த காகிதத்திலும் முப்பத்து நான்கு ஆண்டுகள் முகம் புதைத்து, மூக்குக் கண்ணாடியை ஆறு முறை மாற்றியும் முனைப்பை ஒரு முறையும் மாற்றாத முதல்வியே. புள்ளி விட்டுப்போன எழுத்தையும் பொறுமையோடு படித்து, பூச்சி தின்ற இடத்தில் ‘பூச்சி தின்றது’ என்றே எழுதிவைத்த புலமையே. அரபுக் கையெழுத்துச் சுவடிப் பிரிவின் அரியணையாகிய, ஒரு கால் ஆடும் அந்த இரும்பு நாற்காலியில் இன்று மாலை ஐந்து மணி வரை அமர உரிமையுள்ள அம்மையீர், வணக்கம்.

இதுவரை வந்தவை அடைமொழிகள். அடைமொழி இல்லாத மடலுக்குச் சட்டம் போட்டால் பார்க்க நன்றாயிராது என்று பைண்டர் சொன்னதால் சேர்த்தோம். ஆனாலும் அவற்றில் பொய் எதுவும் இல்லை. கண்ணாடி ஆறு முறை மாறியது. நாற்காலி ஆடுகிறது. மாலை ஐந்து மணிக்குத் தாங்கள் போகிறீர்கள்.

பிரிவில் தங்களைத் தவிர நாங்கள் மூன்று பேர். கிழிந்ததை ஒட்டித் தைத்துக் கட்டும் பைண்டர். ஏடு ஏடாகப் படம் எடுக்கும் படப்பிரிவு அக்கா. பதினொரு மாத ஒப்பந்தத்தில் வந்து, இப்போது மூன்றாவது பதினொரு மாதத்தில் நின்றுகொண்டிருக்கும் இளைய ஆய்வாளர். இந்த மூன்றாமவளுக்கு நாங்கள் வைத்த பெயர் வக்கீல். வந்த முதல் நாளே, “படிப்பறைக்குள்ள பென்சில்ல மட்டுந்தான் எழுதணும்னு எந்த விதியில இருக்கு?” என்று தங்களிடம் கேட்டவள் அவள். தாங்கள் விதிப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைக் காட்டினீர்கள். படித்துவிட்டு, “சரி, அப்ப பென்சில் ஆபீஸ்தான் குடுக்கணும். அதுவும் இதே பக்கத்துல இருக்கு” என்றாள். அன்று முதல் எங்கள் எல்லோருக்கும் பென்சில் கிடைக்கிறது.

இம்மடலில் அவள் கதை நிறைய வரும். தங்களைப் பாராட்ட வேண்டிய பெருஞ்செயல் அவளோடு போட்ட சண்டை வழியாகத்தான் நடந்தது. அவள் மனத்தில் ஓடியது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவையில் யாரும் கேட்க வேண்டாம். அவள் மனத்தில் ஓடுவது எதுவும் வாய் வழியாக வெளியே ஓடாமல் இருந்ததில்லை.

முறைப்படி முதலில் பணிச்சிறப்பு. நான்காயிரத்து நூற்றுப் பன்னிரண்டு சுவடிகளைத் தாங்கள் கையில் எடுத்தீர்கள். எடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் கை கழுவினீர்கள். ஏடுகளை முன்னிருந்து ஒருமுறையும் பின்னிருந்து ஒருமுறையும் எண்ணினீர்கள். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துவராத நாளில் சாப்பிடப் போகவில்லை. எழுதியவன் பேனாவை எந்தக் கோணத்தில் சீவினான், எந்த வரியில் மை தொட்டான், எந்தப் பக்கத்தில் அவனுக்குக் கை வலித்தது என்பதையெல்லாம் எழுத்தின் சாய்வை வைத்தே சொன்னீர்கள். படிக்க முடியாத சொல்லுக்கு நேரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டீர்கள். தங்கள் பட்டியல் அட்டைகளில் உள்ள கேள்விக்குறிகளைப் படப்பிரிவு அக்கா ஒருநாள் எண்ணத் தொடங்கி, ஆறாயிரத்தோடு களைத்து விட்டுவிட்டார். தெரியாததைத் தெரியாது என்று ஆறாயிரம் முறை எழுதியவரை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை.

கேள்விக்குறி போடாத இடம் ஒன்று இருந்தது. இனி அதைப் பற்றி.

நம் நிலையத்துக்கு வருவோர் எவரும் முதலில் கேட்பது நீர்ப்பொறிச் சுவடியைத்தான். கிணற்றிலிருந்தும் ஆற்றிலிருந்தும் தண்ணீரை மேலே ஏற்றும் சக்கரங்களையும் உருளைகளையும் படத்தோடு விளக்கும் நூல். அதன் கடைசி ஏட்டில், வரிகள் சுருங்கிச் சுருங்கி முக்கோணமாய் முடியும் இடத்தில், எழுதியவன் தன் பெயரைச் சொல்லி, தன் பிழைகளைப் பொறுக்கச் சொல்லி, ஹிஜ்ரி எழுநூற்றுப் பதினேழாம் ஆண்டில் (ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்) முடித்தேன் என்று ஆண்டையும் சொல்கிறான். நம்மிடம் உள்ளவற்றில் இதுவே மூத்தது என்று தாங்கள் இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் பட்டியலில் எழுதினீர்கள். அதன்மேல் ஒரு புத்தகமும் எழுதினீர்கள். அந்தப் புத்தகத்தால் தங்களுக்குப் பட்டமும் நிலையத்துக்குப் பெயரும் கிடைத்தன. கூடத்துச் சுவரில் ஆள் உயரத்துக்குத் தொங்குகிறதே, அந்தச் சக்கரப் படமும் அதிலிருந்து எடுத்ததுதான்.

போன கோடையில் குளிர்சாதனம் ஒன்பது நாள் ஓடவில்லை. பத்தாம் நாள் திறந்து பார்த்தால் நீர்ப்பொறிச் சுவடியில் பூசணம். கட்டைப் பிரித்து, ஏடு ஏடாகக் காயவைத்துத் துடைத்து, மறுபடி கட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. தங்களுக்கும் முன்பிருந்தவர்கள் அந்த ஏடுகளைக் கெட்டியாக்க வேண்டி இருபுறமும் மெல்லிய பட்டுவலை ஒட்டி, பசையைத் தாராளமாகப் பூசியிருந்தார்கள். விளக்கின் முன் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவாது. இப்போது பைண்டர் ஈரத்துணி போட்டு அந்த வலையை உரிப்பது, உரித்த ஏட்டை வக்கீல் ஒளிப்பலகை மேல் வைத்துப் பார்த்துக் குறிப்பெழுதுவது என்று வேலை பிரிக்கப்பட்டது.

வக்கீல் அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அரபு மொழியை ஆசைப்பட்டுப் படித்தவளும் அல்லள். ஆசைப்பட்ட துறையில் அவளுக்கு இடம் இல்லை. இடம் இருந்த துறைக்கு ஆசைப்படுவார் இல்லை. அப்படித்தான் வந்து சேர்ந்தாள். அவள் அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் நின்றே வேலை பார்ப்பவர். மகள் பட்டம் வாங்கிய அன்று அவர் கேட்டது எங்கள் பிரிவில் பெயர்பெற்ற பேச்சு.

“அஞ்சு வருஷம் படிச்சு என்னடி கத்துக்கிட்ட?”

“யாராலயும் படிக்க முடியாத கையெழுத்தைப் படிக்கக் கத்துக்கிட்டேன்.”

“அதுக்கு நம்ம ஆஸ்பத்திரி மருந்துக் கடையிலயே சேந்திருக்கலாமே. பஸ் செலவாவது மிச்சம்.”

அப்படி வந்தவள், நாற்பத்து மூன்றாம் ஏட்டை ஒளிப்பலகையில் விரித்தாள். எழுத்துக்குப் பின்னால், காகிதத்தின் உள்ளேயே, பெரியதும் நடுத்தரமும் சிறியதுமாக வரிசையாய் மூன்று பிறை நிலாக்கள் தெரிந்தன. காகிதம் செய்தவர்கள் அச்சிலேயே வைக்கும் அடையாளம் அது. கடல் தாண்டியிருந்த ஆலைகள் வெளியூர்ச் சந்தைக்கென்று செய்து கப்பலேற்றிய காகிதம். சுவடி எழுதி முடித்ததாகச் சொல்லப்படும் ஆண்டில் அந்தக் காகிதம் உலகத்திலேயே இல்லை. முந்நூறு ஆண்டு கழித்துத்தான் வந்தது.

நடந்தது என்ன என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. எழுநூற்றுப் பதினேழில் ஒருவன் எழுதினான். முந்நூறு ஆண்டு கழித்து வேறொருவன் அதைப் பார்த்து எழுதினான். பார்த்து எழுதியவன் நூலோடு நிறுத்தாமல், முன்னவன் பெயரையும், அவன் கேட்ட மன்னிப்பையும், அவன் போட்ட ஆண்டையும் சேர்த்தே எழுதி முடித்துவிட்டான். எழுத்தின் வளைவு நெளிவைக்கூட அப்படியே பின்பற்றியிருந்தான். ஏமாற்றும் எண்ணம் அவனுக்கு இருந்திருக்காது. கண்ணில் பட்டதையெல்லாம் எழுதுவதுதான் வேலை என்று நினைத்த, வேலை முடிந்தால் போதும் என்றிருந்த ஒரு களைத்த மனிதன்.

கண்டுபிடித்த மகிழ்ச்சி அவளுக்கு வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணே, இது என்ன?”

“நிலா” என்றார் பைண்டர், திரும்பிப் பார்க்காமலே.

“நிலான்னு எனக்கும் தெரியுது. இது எப்படி இதுக்குள்ள வந்துச்சு?”

“வக்கீலு, இன்னிக்கு எதுவும் கேக்காத. எனக்கு முதுகு வலி.”

“முதுகு வலிக்கும் நிலாவுக்கும் என்ன சம்பந்தம்?”

பைண்டர் பசைக் கிண்ணத்தைக் கிளறினார். “இருக்கு. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இந்த ஏட்டுல மட்டும் வலை தூக்கிக்கிச்சு. அப்பவே நிலா தெரிஞ்சுது. மேடம் வந்து பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்பறம் மூடிடுங்கன்னாங்க. குனிஞ்சு திரும்ப ஒட்டினது நான்தான்.”

“நீங்களும் ஒண்ணும் கேக்கலையா?”

“நான் பைண்டர்மா. ஒட்டுன்னா ஒட்டுவேன், பிரின்னா பிரிப்பேன்.”

அம்மையீர், இந்த இடத்தை மடலில் சேர்க்க எங்களுக்கு மனம் வரவில்லை. பாராட்டு மடலில் இப்படியெல்லாம் எழுதுவார்களா என்று படப்பிரிவு அக்கா நேற்று மாலை முழுதும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். தாங்கள் போட்ட நிபந்தனையால்தான் சேர்ந்தது. அது பின்னால் வரும்.

வக்கீல் நான்கு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினாள். நிலாவின் அளவு, காகிதத்துக்குள் அச்சு விட்ட கோடுகளின் இடைவெளி, படங்கள், முடிவு. தங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். தாங்கள் அதை எடுத்து இழுப்பறையில் வைத்தீர்கள். அடுத்த திங்கட்கிழமை வந்து கேட்டாள்.

“மேடம், என் குறிப்பு?”

“பாக்குறேம்மா.”

அதற்கடுத்த திங்கட்கிழமையும் கேட்டாள். இப்படி இருபத்தொரு திங்கட்கிழமைகள். எங்களுக்குக் கிழமையே அதை வைத்துத்தான் தெரிந்தது. அவள் கோபமோ வாரத்துக்கு வாரம் நிறம் மாறியது. முதலில் கத்தினாள். பிறகு கதவைச் சாத்தினாள். பிறகு கதவைச் சாத்தக்கூடத் தெம்பில்லாமல் மெதுவாக மூடிவிட்டு வந்தாள். மெதுவாக மூடியதைப் பார்த்த அன்றுதான் எங்களுக்குப் பயம் வந்தது.

அவளுக்கு இருந்த அவசரம் வேறு. தங்கள் பணிநிறைவுக்குப் பின் இப்பிரிவுக்குத் தலைவர் போடப்போவதில்லை என்று சுற்றறிக்கை வந்துவிட்டது. பட்டியலில் ஓர் எழுத்தைத் திருத்தவும் பிரிவுத் தலைவர் கையெழுத்து வேண்டும். தலைவரே இல்லாத பிரிவில் யார் கையெழுத்துப் போடுவார்? தாங்கள் போடாமல் போனால் எழுநூற்றுப் பதினேழு அப்படியே கல்லாய் நின்றுவிடும். பூசணம் துடைத்து, புது வலை ஒட்டி, மறுபடி கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும். ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்குப் போகும் ஒருத்தி அந்த நிலாவைப் பார்த்தாள் என்பதை உலகத்தில் ஒருவரும் அறியமாட்டார். அவள் படித்த படிப்புக்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அந்த நான்கு பக்கம்.

மடல் எழுத வேண்டிய வேளை வந்தது. அக்கா தனக்குக் கண் எரிகிறது என்றார். பைண்டர் வக்கீலைக் கைகாட்டினார்.

“நீயே எழுதிடு. படிச்சவ.”

“படிச்சவ எழுதினா நடந்ததைத்தான் எழுதுவா. பரவாயில்லையா?”

“எதையாவது எழுது தாயி. யாரும் எழுதலேன்னா என்னை எழுதச் சொல்லுவாங்க.”

அவள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு நேரே தங்கள் அறைக்கு வந்தாள். கடைசி நாளுக்கு இன்னும் ஒன்பது வேலைநாள் இருந்தன. அன்று திங்கட்கிழமைகூட இல்லை.

“மேடம், உங்களுக்கு மடல் எழுதச் சொல்லியிருக்காங்க. ‘உண்மையின் உரைகல்லே’ன்னு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். போடட்டுமா?”

தாங்கள் அவளை நிமிர்ந்து பார்த்தீர்கள். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தீர்கள். இழுப்பறையைத் திறந்து அந்த நான்கு பக்கத்தை எடுத்தீர்கள். ஓரம் முழுக்கப் பென்சில் குறிப்புகள். அவள் எடுத்த ஒவ்வோர் அளவுக்குப் பக்கத்திலும் தங்கள் பொடி எழுத்தில் ஒரு ‘சரி’.

“வந்த அன்னிக்கே படிச்சிட்டேன். ரெண்டாம் பக்கத்துல கோட்டு இடைவெளி அளந்தது தப்பு. ஈரமா இருக்கறப்ப அளந்திருக்க, காகிதம் ஊறியிருக்கும். மத்ததெல்லாம் சரி.”

படிக்கவே இல்லை என்று நினைத்து ஐந்து மாதம் கோபப்பட்டவளுக்கு, படித்துவிட்டார் என்று தெரிந்ததும் கோபம் இரட்டித்தது.

“அப்ப அஞ்சு மாசமா பாக்குறேன் பாக்குறேன்னு சொன்னது?”

“பதினோரு வருஷமா சொல்லிட்டு இருக்கேன். உங்கிட்ட அஞ்சு மாசந்தான் சொன்னேன்.”

“ஏன் மேடம்?”

தாங்கள் சொன்ன பதிலை அவள் எங்களிடம் வந்து சொன்னாள். ஒரு சொல் மாற்றாமல் இங்கே எழுதச் சொன்னதும் தாங்களே.

“அந்த வருஷம் புத்தகம் ரெண்டாம் பதிப்பு வந்துது. இவருக்கு வாரத்துல மூணு நாள் ஆஸ்பத்திரி. காலையில அங்க உக்காந்திருந்துட்டு மத்தியானம் இங்க வருவேன். அப்படி ஒரு மத்தியானம் பைண்டர் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். பயம்னு சொல்ல மாட்டேன். பேராசையும் இல்ல. இன்னொரு சண்டை போட அன்னிக்கு எனக்குத் தெம்பில்ல, அவ்வளவுதான். நாளைக்குப் பாத்துக்கலாம்னு மூடச் சொன்னேன். மறுநாளும் தெம்பில்ல. இவரு போனப்பறம் பாத்துக்கலாம்னு நெனச்சேன். போய் ஒன்பது வருஷம் ஆச்சு.”

வக்கீல் கையிலிருந்த தாளை மடித்து வைத்தாள்.  அதை இரக்கம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள். தன் அம்மா பத்தொன்பது ஆண்டுகளாகத் தெம்பில்லாமல்தான் வெந்நீர்த் தொட்டி முன் நிற்கிறார், அவர் வெளுக்காமல் விட்ட துணி ஒன்றும் இல்லை என்று அப்போது நினைத்தாளாம். நினைத்ததைச் சொல்லியும் விட்டாள். தாங்கள் தலையசைத்தீர்கள்.

“உங்கம்மா சரி. நான் தப்பு. இப்ப உக்காரு. இதுல ஒண்ணைத் திருத்தினா பதினாலைத் திருத்தணும்.”

அது அவளுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. ஆண்டு எழுதாத சுவடி ஒன்று வந்தால், ஆண்டு எழுதிய சுவடியோடு எழுத்தை ஒப்பிட்டு வயது சொல்வது இந்தத் தொழிலின் வழக்கம். நீர்ப்பொறிச் சுவடியை அளவுகோலாக வைத்துத் தாங்கள் வயது சொன்ன சுவடிகள் பதினான்கு. கோலே கோணலாயிருந்தால் அளந்ததெல்லாம் கோணல்தானே.

“நாளையிலேர்ந்து எட்டு நாள் இருக்கு. உன்னால முடியுமா?”

“உங்களால முடியுமான்னு பாருங்க.”

அப்போது தாங்கள் சிரித்தீர்கள் என்று வக்கீல் சொல்கிறாள். நாங்கள் நம்பவில்லை.

அந்த எட்டு நாளை நாங்கள் பார்த்தோம். வடக்குச் சன்னல் ஓரத்தில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, பஞ்சுத் தலையணைகளில் பதினான்கு சுவடிகளையும் வரிசையாகக் கிடத்தி, ஈயக்குண்டு கோத்த துணிக்கயிற்றால் பக்கங்களை மடங்காமல் பிடித்து, இருவரும் எதிரெதிரே குனிந்திருந்தீர்கள். கையில் நடுக்கம் உள்ளவர் படித்தார். நாக்கில் வெடுக்கு உள்ளவள் மறுத்தாள். ஒரு ஏட்டுக்கு மூன்று மணி நேரம் வாதம் நடந்ததுண்டு. பேச்சில் மரியாதை குறையவில்லை. அன்பு கூடவும் இல்லை. நாலாம் நாள் தாங்கள் நாற்காலியிலேயே கால் மணி நேரம் கண்ணயர்ந்தீர்கள். வக்கீல் எழுப்பவில்லை. எழுப்பாததற்குக் காரணம் கேட்டபோது, “தூங்கிட்டுப் படிச்சா எண்ணிக்கை தப்பாம இருக்கும்” என்றாள்.

பதினான்கில் ஏழு தம் வயதில் பாதியை இழந்தன. நான்கைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்று முடிவாகி, நான்கு புதுக் கேள்விக்குறிகள் பிறந்தன. மூன்று மட்டும் தப்பின. அவற்றுள் ஒன்று பன்னிரண்டே ஏடு உள்ள, அட்டைகூட இல்லாத சிறு நூல். அதன் முதல் பக்கத்தில், கைமாறிய மூன்று உரிமையாளர்கள் மூன்று வேறு மையில், மூன்று வேறு கையெழுத்தில், தாம் வாங்கிய ஆண்டை எழுதி வைத்திருந்தார்கள். அவற்றில் முந்தியது எழுநூற்றுத் தொண்ணூற்று நான்கு. பார்த்து எழுதுகிறவன் ஒரே கையால் மூன்று பேராக முடியாது. ஆக, இந்நிலையத்தின் மூத்த சுவடி இனி அதுதான். ஒட்டகத்துக்குச் சொறி வந்தால் என்ன பூச வேண்டும் என்று சொல்கிற நூல்.

இயக்குநரிடம் திருத்தப் படிவத்தைத் தாங்களே கொண்டுபோனீர்கள். வக்கீலையும் கூட்டிப்போனீர்கள். நேற்று, முற்பகல் பதினொன்றரை மணி.

இயக்குநர் கெட்டவர் அல்லர். அவருக்கும் மேலே பதில் சொல்ல ஆள் இருக்கிறார்கள். படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டு, கூடத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

“மேடம், அந்தச் சக்கரத்தைக் கழட்டிட்டு அங்க என்ன மாட்டறது? ஒட்டகச் சொறின்னு ஒரு போஸ்டர் போட முடியுமா?”

“போடலாம் சார். தேதி சரியா இருக்கும்.”

“இன்னும் ஒரு நாள்தான் இருக்கு. கையெழுத்துப் போடாமலே போனா யாரு கேக்கப் போறா?”

“இவ கேப்பா” என்று தாங்கள் வக்கீலைக் காட்டினீர்கள். “இருபத்தோரு தடவை கேட்டுட்டா.”

இயக்குநர் பெருமூச்சு விட்டார். “சரி, போடுங்க. ஆனா காரணம்கிற எடத்துல கடைசி வரியை எடுத்துடுங்க. இப்பத்தான் கண்டுபிடிச்ச மாதிரி இருக்கட்டும். உங்களுக்கும் கௌரவம், எங்களுக்கும் தலைவலி இல்ல.”

அந்தக் கடைசி வரி இது: ‘இப்பிழை பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே எனக்குத் தெரியும்; நான் திருத்தவில்லை.’ கண்டறிந்தவர் என்ற இடத்தில் வக்கீலின் முழுப்பெயர் இருந்தது. அந்த வரியை எடுத்திருந்தால் தங்கள் பெயர் பழுதில்லாமல் இருந்திருக்கும். வக்கீலுக்கும் அதனால் குறைவு எதுவும் இல்லை. அவளே, “வேணும்னா எடுத்துடுங்க மேடம், எனக்கு என் குறிப்பு ஏறினா போதும்” என்று சொல்லிவிட்டாள். சொன்னபோது மனமாரச் சொன்னாளா, களைப்பில் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

தாங்கள் எடுக்கவில்லை. நின்றபடியே கையெழுத்துப் போட்டீர்கள். கை நடுங்கியதால் கையெழுத்துக் கோணலாக விழுந்தது. அதன் பக்கத்தில் பென்சிலால், ‘கை நடுக்கம், என் கையெழுத்தே’ என்று எழுதினீர்கள். நாளை ஒருவர் இதை ஒப்பிட்டுப் பார்த்துக் குழம்பக் கூடாது என்றீர்கள்.

இதன் விலையை அவை அறிய வேண்டும். தங்கள் புத்தகத்தை இனி எவரும் அடிக்குறிப்பில் எச்சரிக்கை இல்லாமல் எடுத்துக்காட்ட முடியாது. பெரிய கூடத்தில் நடக்கவிருந்த இந்த விழா படிப்பறைக்கு மாறியது. கூடத்தில் வேறு வேலை இருக்கிறதாம். இயக்குநர் வெளியூர் போய்விட்டார். மேலிடத்திலிருந்து வரவிருந்த சால்வை வரவில்லை. முப்பத்து நான்கு ஆண்டு உழைத்தவர் முன் இன்று இருப்பது பதினொரு நாற்காலியும் ஒரு மேசையும் நாங்களும்தான். தாங்கள் இதையெல்லாம் நேற்றே எதிர்பார்த்திருந்தீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

வெளியே வந்ததும் வராந்தாவில் வைத்துத்தான் தாங்கள் அந்த நிபந்தனையைப் போட்டீர்கள்.

“மடல் எழுதறதா இருந்தா இதையும் எழுது. எழுத மாட்டேன்னா எனக்கு மடலே வேண்டாம். பாதி மடல் வாங்கிட்டுப் போய் சுவத்துல மாட்டி, தெனம் அதைப் பாத்துட்டுச் சாப்பிட என்னால முடியாது.”

எனவே முழுதும் எழுதினோம், அம்மையீர்.

வக்கீல் தங்களை மன்னித்துவிட்டாளா என்று அக்கா அவளைக் கேட்டார். இல்லை என்றாள். பாராட்டு வேறு, மன்னிப்பு வேறு. தன்னிடம் இப்போதைக்கு முதலாவதுதான் இருக்கிறது, அதைக் குறையாமல் தருகிறேன் என்றாள். ஆகவே குறையாமல் தருகிறோம். பிழை செய்யாதவர் பலர் பெற்ற சால்வைகள் இந்நிலையத்து அலமாரிகளில் உள்ளன. செய்த பிழையைச் செய்தேன் என்று, எவரும் கட்டாயப்படுத்தாத நேரத்தில், போக இன்னும் ஒரு நாளே இருந்தபோது, தப்பிக்கும் வழியை மேலதிகாரியே திறந்துவிட்ட பிறகும், தம் கையால் எழுதிக் கையெழுத்திட்டவர் ஒருவரே உள்ளார். தளர்ந்த பின் நிமிர்ந்த தகைமையே, தம் புகழைத் தாமே திருத்திய தலைமையே, தாமதமாய் வந்தாலும் தவறாமல் வந்த நேர்மையே, தங்களுக்கு எங்கள் பாராட்டு.

மகள் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று அறிகிறோம். அங்கே தங்கள் கண்கள் பொடி எழுத்து எதையும் பாராதிருக்கட்டும். குனிந்த கழுத்துக்கு நிமிரும் நேரம் கிடைக்கட்டும். பேரப்பிள்ளைகள் எழுதும் கோழிக் கிறுக்கலுக்கு வயது கேட்டு யாரும் வராதிருக்கட்டும். நாளைக்குப் பாத்துக்கலாம் என்று இனித் தாங்கள் சொல்லும் எதுவும் உண்மையிலேயே நாளைக்குப் பார்த்தால் போதுமானதாக இருக்கட்டும். நன்றாகத் தூங்குங்கள், நெடுங்காலம் நோயின்றி இருங்கள்.

இங்ஙனம்,
அரபுக் கையெழுத்துச் சுவடிப் பிரிவினர்:
பைண்டர் (ஒட்டியவரும் பிரித்தவரும்),
படப்பிரிவு அக்கா (ஆட்சேபத்துடன், ஆனால் அழுதுகொண்டு),
இளைய ஆய்வாளர் (ஒப்பந்தம், இன்னும் நான்கு மாதம்).

மேலே இட்ட கையெழுத்துகள் மூன்றும் மூவர் கையால் ஆனவை. நாள்: இன்று. வேறெதையும் பார்த்து எழுதியதன்று.